மீன் தலைக்கு வந்த மரியாதை

சிங்கப்பூருக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்த் திரும்புகிற நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "அங்கே என்னங்க பெரிய சாப்பாடு? நம்ம பரோட்டாவைத்தான் பிரட்டா என்கிறான். நம்ம இடியாப்பத்தைத்தான் புட்டு மாயம் என்கிறான். நாம ஆற்றிக் குடிக்கிற டீக்கு தே தாரிக் என்று பேர் வைத்திருக்கிறான். எல்லாம் இங்கிருந்து போனதுதான்." வானூர் கடைத்தெருவிலும் இதைக் கேட்டிருக்கிறேன், கோட்டக்குப்பத்துக் கல்யாணப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன். சொல்லுகிறவர் முகத்தில் பாகப்பிரிவினை வழக்கில் ஜெயித்தவர் போல ஒரு களை இருக்கும்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையான பாதி இது. சிங்கப்பூரில் காலையில் சீனரும் மலாய்க்காரரும் வரிசையில் நின்று வாங்குகிற பிரட்டா, நம் ஊர்ப் பரோட்டாவின் தங்கைதான். மைதா மாவை வீசி, மடித்து, கல்லில் போட்டு எடுக்கிற கைவேலை இங்கிருந்து போனது. அங்கே சால்னாவுக்குப் பதில் ஒரு கிண்ணத்தில் மீன் குழம்போ பருப்புக் குழம்போ வைக்கிறார்கள். சிலர் சர்க்கரை தொட்டும் சாப்பிடுகிறார்கள். இடியாப்பத்தைத் தேங்காய்த் துருவலோடும் நாட்டுச் சர்க்கரையோடும் தருகிறார்கள். இதையெல்லாம் நம்முடையது என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆனால் அந்த ஊரில் பேர் பெற்ற இன்னும் சில பண்டங்கள் இருக்கின்றன. அவற்றை "இந்தியச் சாப்பாடு" என்றுதான் அங்கே விற்கிறார்கள். ஆனால் இந்தியாவில் எந்தத் தெருவில் தேடினாலும் அவை கிடைக்காது.

முதலில் மீ கோரெங். "மீ" என்பது சீனரின் கோதுமை நூடுல்ஸ், "கோரெங்" என்பது பொரித்தது என்பதற்கு மலாய்ச் சொல். சீனரிடம் மஞ்சள் நூடுல்ஸை வாங்கி, அதில் மிளகாய் விழுது, தக்காளி சாஸ், உருளைக்கிழங்கு, முட்டை, கோஸ், சில கடைகளில் ஆட்டுக்கறித் துண்டு என்று போட்டுச் செக்கச்செவேலென்று பிரட்டி எடுத்தவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். சாமான் சீனருடையது, பேர் மலாய், கை தமிழ். இதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

அடுத்தது ரோஜாக். மலாயில் கலவை என்று அர்த்தம். சீனருக்கு ஒரு ரோஜாக் உண்டு, அது பழமும் காயும். நம்மவர்கள் செய்தது வேறு. மாவில் தோய்த்துப் பொரித்தது, இறால் வடை, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, சோயாக் கட்டி எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும். வேண்டியதைக் கைகாட்டினால் மறுபடி சூடாக்கி, துண்டு போட்டு, வெங்காயம், வெள்ளரி, பச்சைமிளகாயோடு தருவார்கள். தொட்டுக்கொள்ளச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கரைத்துச் செய்த இனிப்பும் காரமுமான சிவப்புக் குழம்பு. நம் பஜ்ஜி வடையின் சாயல் தெரியும். ஆனால் சர்க்கரைவள்ளிக் குழம்பில் தோய்த்து நம் பாட்டிமார் யாரும் தந்ததில்லை.

மூன்றாவது மீன் தலைக் கறி. இதன் வரலாறு தெளிவாகவே சொல்லப்படுகிறது. 1949-இல் எம்.ஜே. கோமெஸ் என்ற மலையாளி, சோஃபியா சாலையில் வைத்திருந்த சிறு உணவகத்தில் முதலில் செய்தார் என்கிறார்கள். சீனருக்கு மீன் தலை என்றால் உயிர் என்பதை அவர் கவனித்தார். பெரிய தலையாக எடுத்து, புளியும் மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த தென்னாட்டுக் குழம்பில் வெண்டைக்காய், கத்தரிக்காயோடு கொதிக்கவிட்டு முழுசாகப் பரிமாறினார். நம் கடலோரத்தில், பொம்மையார்பாளையத்திலும் மரக்காணத்திலும், தலை குழம்புக்குள் போகிற சமாசாரம்தான். ஆனால் அது சட்டிக்குள் துண்டுகளோடு துண்டாகக் கிடக்கும், வீட்டுக்காரர்கள் உறிஞ்சிச் சாப்பிடுவார்கள். விருந்தாளிக்கு நல்ல நடுத்துண்டம் வைப்போம். அந்தத் தலையை மேசைக்கு நடுவில் தனிச் சட்டியில் வைத்து, அதற்கென்று ஒரு மரியாதையும் விலையும் உண்டாக்கியது சிங்கப்பூரில் நடந்தது.

ஆகவே, இங்கிருந்து போனது பண்டமல்ல, கைப்பழக்கம். பண்டம் பிறந்தது அங்கே. அது பிறந்த காரணமும் சாதாரணமானது. பிழைக்கப் போன ஆண்களில் பெரும்பாலோர் குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுப் போனவர்கள். ஒரு அறையில் பலர் படுத்தவர்களுக்கு அடுப்பு ஏது? சாப்பாடு தெருவில்தான். தள்ளுவண்டியிலும் தலைச்சுமையிலும் கொண்டுவந்து விற்றவனும் அவர்களில் ஒருவன்தான். தமிழனுக்கு மட்டும் விற்றால் கட்டுபடியாகாது. சீனனும் மலாய்க்காரனும் வாங்க வேண்டும். அதனால் காரத்தைக் குறைத்தான், இனிப்பைக் கூட்டினான், நூடுல்ஸைச் சேர்த்தான். இதை இப்போது கலாசாரக் கலப்பு என்று பெரிய பேரில் எழுதுகிறார்கள். அவனுக்கு அது அன்றைய வியாபாரம்.

இது சிங்கப்பூரில் மட்டும் நடந்ததும் அல்ல. என்னைப் போலப் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு மார்த்தினிக், குவாதலூப் என்ற தீவுகளின் பேர் வரைபடத்தில் மனப்பாடம். 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடி நம் பக்கம் வந்தார்கள். 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறியவர்களில் நம் தென்னார்க்காட்டு ஜனங்களும் உண்டு. இன்றைக்கு அந்தத் தீவுகளில் எல்லா நிறத்தவரும் கல்யாணம், பண்டிகை என்றால் செய்கிற கறிக்குக் "கொலம்போ" என்று பேர். இலங்கைத் தலைநகர் என்று நினைக்காதீர்கள், அது நம் "குழம்பு" என்கிற சொல்லின் திரிபு என்றே சொல்கிறார்கள். பேசின தமிழ் போய்விட்டது, குழம்பு மட்டும் பிழைத்துக்கொண்டது. அதை அங்குள்ளவர்களிடம் போய் "எங்களுடையது" என்று சொன்னால் சிரிப்பார்கள். நூற்றெழுபது வருஷமாக அவர்கள் அடுப்பில் கொதிக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான். பண்டம் யாருடையது என்று கேட்பதைவிட, பண்டத்தைச் செய்தவனை யார் மதித்தார்கள் என்று கேட்பது மேல். அந்தக் கேள்வியில் சிங்கப்பூர் நம்மைவிட மேலே நிற்கிறது. அங்கேயும் ஒரு குறை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

1960-களில் சிங்கப்பூர்த் தெருக்களும் நம் பேருந்து நிலையத்து ஓரங்கள் போலத்தான் இருந்தன. குழாய்த் தண்ணீர் கிடையாது, எச்சில் தண்ணீர் சாக்கடையில், ஈ, எலி, காலரா பயம். சர்க்கார் லத்தியோடு விரட்டிய நாட்களும் உண்டு. ஆனால் விரட்டுவதோடு நிறுத்தவில்லை. 1968, 69-இல் தீவு முழுவதும் கணக்கெடுத்து ஏறத்தாழ 18,000 தெரு வியாபாரிகளைப் பதிந்து உரிமம் தந்தார்கள். 1971 தொடங்கி 1986-க்குள், கூரையும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வாய்க்காலும் மின்சாரமும் உள்ள கட்டடங்களைக் கட்டி அவர்களை அங்கே அமர்த்தினார்கள். அங்குள்ள தமிழில் அதற்கு "உணவங்காடி நிலையம்" என்று அழகான பேர். இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், ஒரே கூரையின் கீழ் பிரியாணிக்காரரும் சீனக் கஞ்சிக்காரரும். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் விருந்து முறையை 2010-இலும், பகெட் ரொட்டியை 2022-இலும் சேர்த்துக்கொண்ட அதே பட்டியல். தட்டு ஏந்திச் சாப்பிடும் தெருக்கடையும், வெள்ளைத் துணி விரித்த பிரெஞ்சு மேசையும் ஒரே பட்டியலில்!

நம்மிடம் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கோப்புகளோடு காலம் கழித்தவன் என்பதால் இதைப் பிரிவு பிரிவாகப் படித்தேன். தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நல்ல சட்டம். ஆனால் காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுகிற இட்லிக்கார அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு சட்டம் தன் பேரில் இருக்கிறது என்று தெரியுமா என்று.

திண்டிவனம்–புதுச்சேரி சாலை நான்கு வழியானபோது நமக்கெல்லாம் சந்தோஷம்தான், பயண நேரம் குறைந்தது. கிளியனூரிலும் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலும் புளியமரத்து நிழலில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் விற்றவர்கள் எங்கே போனார்கள் என்று நாம் யாரும் கேட்கவில்லை. இன்று அதே கம்பங்கூழ் கடற்கரைச் சாலையில் மண்குவளையில், நாலு மடங்கு விலையில், "பாரம்பரிய உணவு" என்று பலகை போட்டு விற்கப்படுகிறது. கூழுக்கு மரியாதை வந்துவிட்டது. கூழ்க்காரிக்கு வரவில்லை.

இனி, சொல்கிறேன் என்ற குறை. எங்கள் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போன ஒரு பையன் விடுமுறையில் வந்திருந்தான். "அங்கே மீன் தலைக் கறி சாப்பிட்டாயா தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் நமக்கு எங்கே தாத்தா? விடியற்காலையில் பொட்டலம் வரும். மத்தியானம் பிரிக்கும்போது சில நாள் சோறு புளித்திருக்கும்" என்றான். சமையல் ஒப்பந்தக்காரர் எங்கோ இருட்டில் பொங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்புகிற சோறு. ஒரு காலத்தில் அடுப்பில்லாத தமிழ்க் கூலிக்காக ஆரம்பித்த தெருக்கடைதான் இன்று உலகப் பட்டியலில் இருக்கிறது. இன்றைய தமிழ்க் கூலி அதே ஊரில் ஆறின பொட்டலம் பிரிக்கிறான். அந்த ஊர் தன் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். பிள்ளைகள் அங்கே நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்கள், அடுத்த முறை போகும்போது, இந்தப் பொட்டலத்தைப் பற்றியும் அங்கே நாலு பேரிடம் கேளுங்கள்.

உணவங்காடிக்காரர்களுக்கும் வயதாகிறது. பகலெல்லாம் அனலில் நிற்கிற வேலைக்குப் படித்த பிள்ளைகள் வர மறுக்கிறார்கள். பட்டியலில் பேர் ஏறியதால் மட்டும் கரண்டி பிடிக்க ஆள் வந்துவிடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். நாம் அந்த இடத்துக்கு வரவே இன்னும் வெகு தூரம்.

ஆகையால் நண்பர்களே, "எல்லாம் நம்முடையது" என்கிற பேச்சை இனிக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். பரோட்டாவுக்கு உரிமை கொண்டாடுகிறவர் முதலில் பரோட்டா மாஸ்டருக்கு ஒரு குடிநீர்க் குழாய் கேட்கட்டும். நகராட்சிகளாக இருக்கிற திண்டிவனத்திலும் கோட்டக்குப்பத்திலும், விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது, எத்தனை பேருக்குச் சான்றிதழ் தரப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு போடலாம். ஓய்வூதியம் வாங்குகிற நமக்கு நேரமும் இருக்கிறது, மனு எழுதவும் தெரியும். அந்தச் சட்டம் நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, ஆகவே வானூர் போன்ற ஊர்களில் கிராமசபையில் எழுந்து நின்று கேட்க வேண்டும்: நாலு கடைக்கு ஒரு கூரை, ஒரு குழாய், ஒரு வாய்க்கால், ஒரு விளக்கு. சிங்கப்பூர்க்காரர்கள் ஆரம்பித்ததும் இந்த நான்கில்தான். மனு எழுத உதவி வேண்டுபவர்கள் என்னிடம் வரலாம். கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை.