பன்னிரண்டு பேருக்கு ஓர் அடுப்பா?

மட்டாஞ்சேரி வட்டாரத்துக் கடைகளிலும் பொதிகட்டும் கூடங்களிலும் வேலை செய்யும் நம் பெண்களிடையே சில வாரங்களாக ஒரு பேச்சு அடிபடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கென்று நாள்தோறும் கொடுத்துவரும் படிக்காசை ஓரிடத்தில் நிறுத்தப் போகிறார்களாம். அதற்கு ஈடாக ஒரு பிரீசர் பெட்டியும் ஒரு மைக்ரோவேவ் அடுப்பும் வாங்கி வைத்து, ஆளுக்கொரு உறையவைத்த சாப்பாட்டுப் பெட்டி தருவார்களாம். "ஐந்தே நிமிடத்தில் சூடாகிவிடும் சோற்றுக்கு ஒரு மணி நேர இடைவேளை எதற்கு? அரைமணி போதுமே!" என்பது கூடவே வரும் பின்குறிப்பு. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இன்று அங்கே நுழைவது நாளை அடுத்த கடைக்கும் வரும் என்பதால்தான் எழுதுகிறோம்.

செய்தி வந்ததும் சங்கத்தில் இரு கட்சி உண்டாகிவிட்டது. "செத்த சோற்றையா எங்களுக்குப் போடுகிறார்கள்?" என்று கொதித்தவர்கள் ஒரு பக்கம். "போடட்டுமே! விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்போடு மாரடிக்கும் கொடுமை எனக்குத் தீரும்" என்று சொன்ன அக்காமார்கள் மறுபக்கம். கொதித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாயில் வைத்துப் பாராமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று முடிவாயிற்று. கொச்சங்காடியில் நம் சங்க அறைக்கு ஒரு மைக்ரோவேவ் அடுப்பை இரவல் வாங்கி வந்து, ஒன்பது பெண்களும் மூன்று ஆண்களுமாகப் பன்னிரண்டு பேர் ஆறு நாள் மதியம் பெட்டிச் சாப்பாடே சாப்பிட்டோம்.

முதலில் சாப்பாட்டைப் பற்றி. நாம் பயந்த அளவுக்கு மோசமில்லை. சோறு விறைத்திருக்கும் என்று நினைத்தோம், விறைக்கவில்லை. மிஞ்சிய சோற்றைப் பிரிட்ஜில் வைத்தால் அது மெல்ல மெல்லக் குளிர்ந்து பருக்கை பருக்கையாய்க் கெட்டிப்படுகிறது. ஆலையில் அதை மிக வேகமாக உறையச் செய்வதால் அந்தக் கேடு அவ்வளவாக நேர்வதில்லை. மீன் குழம்பு நன்றாகவே இருந்தது, குடம்புளி போட்ட கொச்சிக் குழம்பு. நம் ஊர்ப் புளிக்குழம்பை எதிர்பார்த்தவர்கள்தாம் முகத்தைச் சுளித்தார்கள். இட்லி தேறியது. மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் பூப்போல வருகிறது. எலுமிச்சைச் சோறு தேறவில்லை. ஓரம் வறண்டு நடுவில் பிசுபிசுத்தது. பிரியாணியில் கோழித் துண்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

பரோட்டாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மைக்ரோவேவில் வைத்தால் அது செருப்புத் தோலாகிவிடுகிறது. தோசைக்கல்லில் போட்டால் அருமை. ஆகவே அது வேலையிடத்துக்கு உதவாது. வீட்டில் இரவுக்கு உதவும். சப்பாத்தி வேறு, பரோட்டா வேறு என்று சொல்லி இந்தப் பாக்கெட் பரோட்டாவுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. போட்டு, அது நீதிமன்றம் வரைக்கும் இழுபட்ட வேடிக்கையைப் பலர் அறிவீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல்தான் அந்த வரி முழுதும் நீங்கிற்று. ஏழை வாங்கும் பண்டத்தின் பெயரை ஆராய்ச்சி செய்வதில் அதிகாரிகளுக்கு எப்போதுமே தனி ஆர்வம்!

அளவுதான் அடிவயிற்றில் அடித்தது. நாம் வாங்கிய பெட்டிகள் ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் வரை. மேசை முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது போதலாம். பஜார் ரோட்டுக் கிடங்கில் மூட்டை சுமக்கிற ஆளுக்கு அது சோறா, மருந்தா? வந்த மூன்று ஆண்களும் ஆளுக்கு இரண்டு பெட்டி கேட்டார்கள். பெண்கள் கேட்கவில்லை, பசித்தது என்று மறுநாள்தான் சொன்னார்கள். விலையோ, சோறும் குழம்புமாக உள்ள பெட்டி எதுவும் நூறு ரூபாய்க்குக் கீழே நமக்குக் கிடைக்கவில்லை.

உப்பும் கூடுதல். நாளொன்றுக்கு ஒருவர் 5 கிராம் உப்புக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெட்டியில் சோடியக் கணக்குப் போட்டிருக்கிறதே, படித்துக்கொள்ளலாமே என்பார்கள். எந்த மொழியில் படிப்பது? அடைத்த உணவின் மேல் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது சட்டம். பிற மொழி விருப்பம்போல் சேர்க்கலாம். நாம் வாங்கிய பெட்டிகளில் தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற நம் அக்காமாருக்கு அந்த எழுத்து வெறும் கோலம்.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள்: பெரிய பெட்டி கேட்கலாம், குறைந்த உப்புக் கேட்கலாம். சரிசெய்ய முடியாத குறை ஒன்றை முதல் நாளே கண்டோம்.

பெட்டியின் மேல் 5 நிமிடம் என்று போட்டிருந்தது. பொய்யில்லை. நடுவில் ஒருமுறை எடுத்துக் கிளறி, மறுபடி வைத்து, வெளியே எடுத்தால் ஒருவருக்கு 6 நிமிடம். பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு? 72 நிமிடம்! ஒரு மணிக்கு முதல் ஆளின் பெட்டியை அடுப்பில் வைத்தால் கடைசி ஆளின் பெட்டி சூடாகி வெளியே வரும்போது மணி ஏறக்குறைய இரண்டேகால் ஆகிறது. இரண்டு பெட்டிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தோம். நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. காரணம் எளிது. விறகடுப்பில் கூட நாலு கட்டை செருகிச் சூட்டை ஏற்றலாம். மைக்ரோவேவ் அடுப்பு தரும் ஆற்றல் அவ்வளவுதான். இரண்டு பெட்டி வைத்தால் அதையே இரண்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். போதாததற்கு அந்த அலை தண்ணீரைச் சூடாக்குகிற அளவுக்குப் பனிக்கட்டியைச் சூடாக்குவதில்லை. ஓரத்தில் முதலில் உருகிய இடம் கொதிக்கும். நடுவில் பனி அப்படியே நிற்கும். அவசரப்பட்டு மூன்றே நிமிடத்தில் எடுத்த ஒரு சகோதரிக்கு நாக்கும் சுட்டது, பல்லும் கூசியது.

அரைமணி இடைவேளையில் இந்த அடுப்பில் ஐந்து பேர் சாப்பிடலாம். மிச்சம் ஏழு பேர்? பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், அல்லது அடுப்புக்கு முந்திக்கொள்ள அடித்துக்கொள்ளலாம். துறைமுகத்தில் சாப்பா முறை இருந்த காலத்தில், உலோக வில்லைகளைக் கூட்டத்தில் எறிந்து, பொறுக்கியவனுக்கே அன்றைய வேலை என்று தொழிலாளரை ஒருவர்மேல் ஒருவர் விழவைத்தார்கள். அதை எதிர்த்து 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான மண் இந்த மட்டாஞ்சேரி. சோற்றுப் பெட்டியையும் சாப்பாவையும் ஒன்றென்று சொல்லவில்லை. இல்லாமையைப் பங்கிட விட்டால் நமக்குள்தான் சண்டை வரும் என்று மட்டும் சொல்கிறோம்.

இந்தப் பெட்டி யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தால் விளங்கும். 1954 வாக்கில் அமெரிக்காவில் ஸ்வான்சன் நிறுவனம் அலுமினியத் தட்டில் வான்கோழி இறைச்சியும் பட்டாணியும் கிழங்கும் உறையவைத்து, 98 சென்ட் விலையில் 'டி.வி. டின்னர்' என்று விற்றது. தன் வீட்டில், தன் அடுப்பில், தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து உண்ணும் சிறு குடும்பத்துக்கான சாப்பாடு அது. மைக்ரோவேவ் அடுப்பு வீடுகளில் பரவியபின் அலுமினியத் தட்டு போய்ப் பிளாஸ்டிக் தட்டு வந்தது. தனி ஆளுக்கு அது வேகமான அடுப்பு. கூட்டத்துக்கு அதைவிட மெதுவான அடுப்பு இல்லை. அண்டாவின் கணக்கு நேர் எதிர்: பத்துப் பேருக்கு ஆக்குகிற நேரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நூறு பேருக்கு ஆக்கலாம். 1982 இல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் ஊர்தோறும் அடுப்பு மூட்டியதும், 2013 இல் சென்னையில் அம்மா உணவகம் 5 ரூபாய்க்குச் சாம்பார் சோறு போட்டதும் அண்டாவின் பலத்தால்தான்.

உறையவைக்கும் தொழிலை நாம் இகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். கொச்சியிலிருந்து உறைந்த இறால் முதன்முதல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் 1953 இல்தான். அன்றுமுதல் இந்தக் கரையில் எத்தனை ஆயிரம் பெண்கள் பீலிங் ஷெட்டுகளில் பனித்தண்ணீரில் கை மரத்துப்போக இறால் உரித்திருக்கிறார்கள்! உலகத்தின் மேசைக்கு உறைந்த உணவு அனுப்பிய கைகள் அவை. அந்தக் கைகளுக்கு மதியம் ஒரு கைப்பிடி சுடுசோறு வேண்டும் என்றால் அது ஆடம்பரமா? பிரீசரே வேண்டாத வழியும் நம் அருகிலேயே இருக்கிறது. வில்லிங்டன் தீவிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மீன் குழம்பைக் கனமான உறையில் அடைத்து, உயர்ந்த சூட்டில் கிருமி நீக்கி, அறையிலேயே மாதக்கணக்கில் வைக்கும் முறையில் வேலை செய்திருக்கிறது. அந்த உறைகளைப் பத்துப் பன்னிரண்டாக ஒரே பானை வெந்நீரில் போட்டுச் சூடாக்கலாம். கரண்டு போனால் கெட்டுவிடுமோ என்ற பயமும் இல்லை. உறைந்த பெட்டிக்கோ சுழிக்குக் கீழே 18 பாகைக் குளிர் விடாமல் வேண்டும். இரவில் மின்சாரம் போய், உருகி, மறுபடி உறைந்த பெட்டி எது என்று காலையில் யாருக்குத் தெரியும்?

இனி அந்த நாலு மணி அக்காமாருக்கு வருவோம். அவர்கள் கேட்டது நியாயம். "வீட்டுச் சோறே அமுதம்" என்று மேடையில் முழங்குவது எளிது. அந்த அமுதத்தை இருட்டில் எழுந்து ஆக்கித் தூக்குச்சட்டியில் அடைப்பது யார்? புருஷனுக்கு ஒன்று, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்று, தனக்கென்று அடியில் ஒட்டியதை வழித்து ஒன்று. பெட்டி வேண்டாம் என்பதற்காக அவர்களை மறுபடி அடுப்படிக்குத் தள்ளும் தீர்மானத்தை இச்சங்கம் போடாது, போடவும் கூடாது. இரவு நேர வேலை முடித்து எட்டு மணிக்கு மேல் வீடு திரும்பும் ஒரு பெண் பாக்கெட் பரோட்டாவைக் கல்லில் போட்டால் அவளைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

வீட்டுச் சோற்றையும் பெட்டியையும் தவிர மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் முதலாளிகள் பேச்சில் எடுப்பதில்லை. கேரள அரசு 2020 இல் குடும்பஸ்ரீ பெண்களைக் கொண்டு ஜனகீய ஹோட்டல்களைத் திறந்து 20 ரூபாய்க்குச் சோறு போட்டது. சாப்பாடு ஒன்றுக்கு 10 ரூபாய் மானியம் கொடுத்தது. 2023 ஆகஸ்டில் அந்த மானியத்தை நிறுத்தியதும் விலை 30 ஆயிற்று. பல இடங்களில் அடுப்பு அணைந்தது. கொச்சி மாநகராட்சி 2021 அக்டோபரில் எர்ணாகுளம் வடக்கில் 'சம்ருத்தி' கூடத்தைத் திறந்தபோது 10 ரூபாய்க்கு ஊண் கிடைத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப நம் பெண்களுக்கு நேரம் ஏது?

சட்டம் என்ன சொல்கிறது? 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில்தான் உணவுக்கூடம் கேட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அது 100 பேர் என்று இறங்கியிருக்கிறது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 'உனக்கு ஆள் குறைவு' என்று ஒவ்வொரு கடையும் தனித்தனியே கைகழுவிவிடும். ஆனால் இதே கேரளத்தில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம், இன்று ஒரு கடை நாளை ஒரு கடை என்று பல முதலாளிகளிடம் மாறிமாறிச் சுமக்கும் தொழிலாளருக்கு ஒரு பொது நலவாரியத்தை உண்டாக்கியதே! சுமைக்கு முடிந்தது சோற்றுக்கு முடியாதா? பஜார் ரோடு முதல் கொச்சங்காடி வரை உள்ள கடைகளும் கிடங்குகளும் இன்று கொடுக்கும் படிக்காசை ஒன்றாய்ச் சேர்த்தால் ஓர் அண்டா கொதிக்கும். ஆக்கிப் போட நம் பெண்களுக்கே கூலியோடு வேலையும் கிடைக்கும்.

ஆகவே பேச்சுவார்த்தைக்குப் போகும் நம் தோழர்கள் கையில் கொடுத்தனுப்பியிருப்பவை இவை. இடைவேளை ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு நிமிடமும் குறையக்கூடாது. படிக்காசு தொடர வேண்டும். பெட்டி வேண்டும் என்கிறவர் அந்தக் காசில் வாங்கிக்கொள்ளட்டும். பிரீசர் வைத்தே தீருவோம் என்றால் நாலு பேருக்கு ஓர் அடுப்பு. பெட்டியின் மேல் தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து. பொதுச் சமையற்கூடத்துக்கு மற்றக் கடைக்காரர்களோடு சேர்ந்து உட்கார ஒரு தேதி. உட்கார்ந்து சாப்பிட ஒரு பெஞ்சு, கை கழுவ ஒரு குழாய். இந்தக் கடைசி இரண்டையும் முதலில் எழுத மறந்துவிட்டார்கள் என்று நாலு மணி அக்காமார்தான் சேர்க்கச் சொன்னார்கள்.