காவலன் வீட்டிற் கள்வன்

பகைவன் கோட்டைக்கு வெளியே நிற்பானாயின் அவனை எதிர்த்தல் எளிது. கோட்டைக்குள் நுழைந்து, காவலனுடைய வீட்டிலேயே குடியிருப்பானாயின் அவனைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? உள்ளிருக்கும் பகையின் கொடுமையை உணர்ந்தே வள்ளுவர் 'உட்பகை' என ஓர் அதிகாரம் வகுத்தார். அரசியலுக்கு மட்டுமன்றி உடலியலுக்கும் இது பொருந்தும் என்பதைச் சயரோகக் கிருமியின் வரலாறு நன்கு காட்டுகின்றது.

1882ஆம் ஆண்டு மருத்துவ வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு மார்ச் 24ஆம் திகதி பேர்லின் நகரிலே றொபேட் கொக் என்னும் ஜேர்மன் நாட்டறிஞர், சயரோகத்தை உண்டாக்குவது ஒரு பற்றீரியா என அறிவித்தார். அதே ஆண்டிலே இத்தாலியின் மெசினா நகரில் மெச்னிக்கோவ் என்னும் உருசிய விலங்கியலறிஞர், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குடம்பியொன்றில் ரோசா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாட் காலையில் நோக்கியபோது நடமாடுங் கலங்கள் அம்முள்ளைச் சூழ்ந்து திரண்டு நின்றன. அந்நியப் பொருளை வளைத்து விழுங்குங் கலங்கள் உடலில் உள என்னும் உண்மை இவ்வாறு புலப்பட்டது. ஒருவர் கள்வனைக் கண்டார். மற்றவர் காவலனைக் கண்டார். அக்கள்வன் இக்காவலனிடமே தங்கி வாழும் விதம் பின்னரே தெளிவாயிற்று.

சயரோகி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகளோடு கிருமி காற்றிற் கலந்து மற்றொருவருடைய நுரையீரலை அடைகின்றது. அங்குள்ள பெருவிழுங்கி என்னும் காவற்கலம் அதனை விழுங்கி, ஒரு சிறு பையினுள் அடைக்கின்றது. வழமையாக அப்பையோடு, சமிபாட்டு நொதியங்கள் நிரம்பிய வேறொரு பை வந்து இணையும். அகப்பட்ட கிருமி அழிந்தொழியும். சயரோகக் கிருமியோ அவ்விணைப்பையே தடுத்துவிடுகின்றது. 1971இல் ஆம்ஸ்ரோங், டாசி ஹாட் என்னும் ஆய்வாளர் இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு இதனை வெளிப்படுத்தினர். இறந்த கிருமிகளைக் கொண்ட பைகள் தடையின்றி இணைந்தன; உயிருள்ளவற்றைக் கொண்ட பைகளோ பெரும்பாலும் இணையாதே கிடந்தன. மெழுகு போன்ற மேலுறையும் கிருமிக்குக் கவசமாகின்றது. அடுக்களைக்குக் கொண்டுசெல்லப்பட்ட இரை, அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே படுத்துறங்கியது போன்றதாகும் இது. தொழுநோய்க் கிருமியும் நெருப்புக்காய்ச்சற் கிருமியும் தத்தமக்குரிய உபாயங்களாற் கலங்களுள் வாழ வல்லன.

உடல் வாளாவிருப்பதில்லை. மேலும் பல கலங்கள் திரண்டு, கிருமி தங்கிய கலங்களை மதில்போற் சூழ்ந்து சிறு முடிச்சுகளை ஆக்குகின்றன. பெரும்பாலோரிடத்துப் போர் இவ்வளவில் நின்றுவிடும். உலக மக்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் இக்கிருமியின் தொற்றுக்கு ஆளானோர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே வாழ்நாளில் நோயாளராவர். போசாக்கின்மை, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று, புகைத்தல் முதலியவற்றாற் காவல் தளரும்போது மதில் இடிகின்றது. முடிச்சின் நடுப்பகுதி பாற்கட்டி போலாகிச் சிதைந்து, நுரையீரலிற் குழி விழுகின்றது. கிருமியை ஒழிக்க உடல் நடத்தும் போரே இழையங்களைப் பெரிதும் அழிக்கின்றது என்பது இங்கு உற்றுநோக்கத்தக்கது.

இனி மருந்தைப் பற்றிச் சிந்திப்போம். 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ரெப்ரோமைசின் இந்நோயை வெல்லும் என உலகம் மகிழ்ந்தது. ஆயின் அதனை மட்டும் பெற்ற நோயாளர் பலர் முதலில் தேறிப் பின்னர் நலிவுற்றனர். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாய் மாறியிருந்தன. ஆதலாற் பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வந்தது. இன்று வழமையான சிகிச்சைக்கு 6 மாதம் செல்லும்: முதல் 2 மாதம் 4 மருந்துகள், அடுத்த 4 மாதம் 2 மருந்துகள்.

இத்துணைக் காலம் எதற்கு என மாணவர் வினவலாம். குடலில் வாழும் பற்றீரியாவொன்று தக்க சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். சயரோகக் கிருமிக்கோ ஏறத்தாழ 20 மணித்தியாலம் வேண்டும். மறைவிடங்களிற் பதுங்கியவை பெருகாது உறங்கவுஞ் செய்யும். பெருகும் கிருமியை மருந்து விரைவிற் கொல்லும். உறங்குங் கிருமியைக் கொல்ல நெடுநாள் வேண்டும்.

சில கிழமைகளிற் காய்ச்சல் தணியும், இருமல் குறையும், உடம்பு தேறும். "இனி மருந்து எதற்கு?" என்னும் எண்ணம் அப்பொழுதுதான் எழுகின்றது. அயலவர் அறிவரே என்னும் நாணமும், மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமே என்னும் அச்சமும் உடன் சேர்கின்றன. கிளினிக்குக்குச் செல்வது நின்றுவிடுகின்றது. உறங்கிய கள்வன் எழுகின்றான். சில வேளைகளில் மருந்துக்கும் அஞ்சாதவனாய் எழுகின்றான். அவன் அடுத்துப் புகுமிடம் அதே வீட்டுக் குழந்தையின் நுரையீரலாகவும் இருக்கலாம்.

நம் நாட்டின் அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களிற் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமலை எவரும் அசட்டை செய்யலாகாது. சயரோகம் குலத்தின் குற்றமன்று. காற்றில் வந்த கிருமியின் வேலை. மருந்துண்பது நோயாளரின் கடனாயின், அவரை நாணச்செய்யாது 6 மாதமும் உடனிருந்து, ஒரு நாளும் தவறாது உண்ணச்செய்வது வீட்டாரின் கடனாகும்.