கேஸ் மாத்திரையும் நடுங்கும் கையும்

தறியில் உட்கார்ந்தவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு ஏது? தெள்ளார், ஆரணிப் பக்கத்தில் நெஞ்செரிச்சல் என்றதும் கேட்கும் பேச்சு, 'ஒரு கேஸ் மாத்திரை போடு, சரியாயிடும்.' பெரும்பாலும் சரியாகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் அது மாதக்கணக்கில் தொடர்கிறது.

இந்தக் கேஸ் மாத்திரைகள் சிலவற்றில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடும் கலந்திருக்கும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் அதே ரகம். போடுவது வயிற்றுக்கு, ஆனால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையையும் இவை மறிக்கும். அபூர்வமாகச் சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் சிரிப்பை மறக்கும். பார்த்தால் அச்சு அசல் பார்க்கின்சன் நோய். இளவயதினருக்கு மெட்டோகுளோபிரமைடு போட்ட ஓரிரு நாளிலேயே கழுத்து கோணி, கண் மேலே செருகிக்கொள்வதுண்டு. பேய் பிடித்ததென்று வேப்பிலை தேடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியில் அடங்கிவிடும். மெட்டோகுளோபிரமைடை 5 நாளுக்கு மேல் தரவேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே சொல்லிவிட்டது.

அறுந்த இழையைப் பிணைக்கிறவருக்குக் கை நடுங்கினால் பிழைப்பே போச்சு. வீட்டில் 'வயசாச்சு' என்பார்கள். நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேரும். முதல் மாத்திரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நடுக்கம் குறைந்துவிடும் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

டாக்டரை மட்டும் திட்டிப் பயனில்லை. எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. காலி அட்டையைக் காட்டியதும் மெடிக்கல்காரர் கொடுத்தார். 'வேறென்ன மாத்திரை சாப்பிடறீங்க?' என்று கேட்டபோது நாம் 'ஒண்ணுமில்லை' என்றோம். கேஸ் மாத்திரையை நாம் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லையே!

மருந்தை யாரும் சந்தேகிக்காமல் விட்டது இங்கே மட்டுமல்ல. ஜப்பானில் கிளியோகுவினால் என்ற வயிற்றுப்போக்கு மருந்தால் சுமார் 10,000 பேருக்குக் கால் மரத்தது, பலருக்குப் பார்வையும் போனது. தொற்றுநோய் என்று ஊரார் ஒதுக்கினார்கள். நோயாளிகளின் சிறுநீர் பச்சையாக இருந்ததைச் சிலர் கவனித்துச் சோதித்த பிறகே குற்றவாளி மருந்து என்று தெரிந்தது. 1970 செப்டம்பரில் விற்பனை நின்றது.

இப்படிப்பட்ட பக்கவிளைவுகளைக் கவனிக்க நம் நாட்டில் 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. பக்கவிளைவை நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும்போதே மற்ற அட்டைகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். பயந்துபோய் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள அட்டைகளை எல்லாம், கேஸ் மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.