பயனாளி என்னும் அவசரச் சொல்

நம் நாளிதழ்களில் ‘திட்ட மதிப்பீடு’ என்று அச்சானால் அது தொகையைத்தான் குறிக்கும். இத்தனை கோடி ரூபாய் திட்ட மதிப்பீட்டில் பாலம், இத்தனை லட்சத்தில் அங்கன்வாடிக் கட்டடம் என்று அடிக்கல் நாட்டு விழாச் செய்தியோடு ஒட்டிவரும் சொல் அது. வேலை தொடங்குமுன் போடுகிற கணக்கு. வேலை முடிந்து, ரிப்பன் வெட்டி, நாலைந்து வருடம் போன பிறகு அந்த அங்கன்வாடியால் எந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிற வேலைக்கும் நாம் அதே பெயரைத்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. இதைவிட வேடிக்கையான சொல் ‘பயனாளி’. மிதிவண்டியோ ஆட்டுக்குட்டியோ தையல் இயந்திரமோ, மேடையில் கைநீட்டி வாங்கிய கணத்திலேயே ஒருவர் பயனாளி ஆகிவிடுகிறார். ஆடு பெருகியதா, மழைக்காலத்தில் சீக்கு வந்து செத்ததா, தையல் இயந்திரம் அடகுக்கடைக்குப் போனதா என்பதெல்லாம் பட்டியலில் சேராது. பயன் வருமுன்னே பயனாளி வந்துவிடுகிறார். இந்த அவசரத்தை நிறுத்தி விசாரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க, கனடியப் பல்கலைக்கழகங்களில் அதற்கென்றே முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்புகள் நடக்கின்றன. அதை யார் படிக்கலாம் என்று கேட்டால், மதிப்பீட்டாளர் வேலை தேடிப் போகிறவரைவிட, ஒரு பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ தொண்டு நிறுவனத்திலோ ஏற்கெனவே ஒரு திட்டத்தைக் கட்டி இழுத்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அது பொருந்தும் என்பேன்.

இந்தத் தொழிலே சந்தேகத்தில் பிறந்ததுதான். 1965இல் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் பெரும் நிதி ஒதுக்கும் கல்விச் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, பணம் போனால் மட்டும் போதாது, அதனால் பிள்ளைகள் தேறினார்களா என்று பள்ளிகள் சொல்லியாக வேண்டும் என்று செனட்டர் ராபர்ட் கென்னடி பிடிவாதம் பிடித்தார். அந்தப் பிடிவாதத்தால் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் அறிக்கைகள் தேவைப்பட்டன. எழுதத் தெரிந்தவர்கள்தான் இல்லை. பல்கலைக்கழகங்கள் அந்த இடத்தை நிரப்ப வந்தன. இன்று இந்தச் சான்றிதழ் பெரும்பாலும் நான்கைந்து பாடங்கள், 12 முதல் 18 கிரெடிட் வரை. வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்திலோ இணையவழியிலோ முடித்துவிடலாம். ‘லாஜிக் மாடல்’ என்கிற படம் போடக் கற்றுத்தருவார்கள்: எதைப் போடுகிறோம், என்ன செய்கிறோம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம், அதனால் என்ன மாறியது என்று நான்கு பெட்டிகளை அம்புக்குறிகளால் கோத்த படம். கேள்வித்தாள் தயாரிப்பது, நேர்காணல் எடுப்பது, ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகள், கொஞ்சம் புள்ளியியல் எல்லாம் உண்டு. கடைசியில் உண்மையான ஒரு நிறுவனத்துக்குப் போய் உண்மையான ஒரு திட்டத்தை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். பார்த்தால் சாதாரணம்தான். ஆனால் அந்தப் படத்தின் மூன்றாவது பெட்டிக்கும் நான்காவது பெட்டிக்கும் நடுவில் கிடக்கும் பள்ளத்தில்தான் உலகத்துத் திட்டங்களில் பாதி விழுந்து கிடக்கிறது.

களத்தில் நிற்பவருக்கு இந்தப் படிப்பு எதற்கு, அவருக்குத் தெரியாததா என்று கேட்கலாம். நியூஜெர்சி மாநிலத்தில் ராவே சிறைச்சாலையில் நடந்ததைப் பார்த்தால் போதும். தடம் மாறுகிற சிறுவர்களை ஒரு நாள் சிறைக்கு அழைத்துப்போய், ஆயுள் தண்டனைக் கைதிகளை விட்டு மிரட்டினால் திருந்துவார்கள் என்றொரு திட்டம். 1978இல் வந்த அதன் ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. சிறுவர்கள் அழுதார்கள், பெற்றோர் கும்பிட்டார்கள், மற்ற மாநிலங்களும் எடுத்துச் செய்தன. திட்டத்தை நடத்தியவர்கள் தங்கள் கண்ணால் கண்டதை நம்பினார்கள், பொய் சொல்லவில்லை. பிறகு, போன சிறுவர்களையும் போகாத சிறுவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்தவர்களே பிற்பாடு கூடுதலாகக் குற்றம் செய்திருந்தது தெரிந்தது. சும்மா விட்டிருந்தாலே மேல். அழுத முகத்தை மட்டும் பார்த்தவருக்கு இது எந்த ஜென்மத்திலும் தெரிந்திருக்காது. அழாமல் வீட்டில் இருந்த பையன்களையும் எண்ணிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

எதோடு ஒப்பிட்டு என்ற இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு சேரும் பெண்களுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தார்கள். பள்ளியில் பெண்கள் கூடினார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் பீகாரில் சாலை வந்தது, சட்டம் ஒழுங்கு மாறியது. எதனால் கூடினார்கள் என்று எப்படிச் சொல்வது? பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பெண்களின் கூடுதலை அதே மாநிலத்துப் பையன்களின் கூடுதலோடு ஒப்பிட்டார்கள். பிறகு அந்த வித்தியாசத்தை, 2000 வரை பீகாரோடு ஒன்றாக இருந்த ஜார்க்கண்டின் வித்தியாசத்தோடு ஒப்பிட்டார்கள். மிதிவண்டியால் மட்டும் பெண்கள் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்திருந்தது. உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். மிதிவண்டி வேலை செய்தது என்பதோடு ஏன் வேலை செய்தது என்பதற்கும் அந்தத் தூரக் கணக்கே சாட்சி. பள்ளிப் பதிவேட்டை வைத்திருக்கிற ஒரு தலைமையாசிரியருக்கு இந்தத் தர்க்கத்தைப் புரியவைக்க முனைவர் பட்டம் தேவையில்லை.

முறை மட்டும் தெரிந்து களம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான உதாரணம் தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குகிறது. 1980இல் உலக வங்கிக் கடனில் இங்கே ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் தராசில் நிறுத்து அட்டையில் கோடு போடுவார்கள். கோடு ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. தாய்க்கு எதை, எப்படி ஊட்ட வேண்டும் என்று அறிவுரை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு நன்றாகவே குறைந்தது. (நடுத்தரக் குறைவு அந்த அளவுக்கு அசையவில்லை, வெற்றிக்கதை சொல்பவர்கள் இதை மெல்ல விழுங்கிவிடுவார்கள்.) அதே வார்ப்பை 1995இல் வங்கதேசத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை என்று 2005இல் உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே எழுதியது. தாய்க்குச் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை, அவளுக்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்த ஊர்களில் சந்தைக்குப் போய் வாங்கிவருபவர் ஆண். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு என்ன, எவ்வளவு என்று தீர்மானிப்பவர் மாமியார். குழந்தைக்குக் கிடைத்த கூடுதல் உணவும் பல வீடுகளில் கூடுதலாகச் சேரவில்லை, வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாகிவிட்டது. தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட் இந்தக் கதையைத் தன் வாதத்துக்கு முதுகெலும்பாக்கிக்கொண்டார்: ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் பலிக்க, அங்கேயும் அதே துணைக்கால்கள் இருக்க வேண்டும். அந்த வீட்டு அடுப்படியில் கரண்டி யார் கையில் இருக்கிறது என்பது எந்தப் புள்ளியியல் மென்பொருளிலும் வராது. அந்த ஊர்க் கிராம செவிலியரைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார். அவர் சொன்னதை எடுத்துப் படத்தில் சரியான அம்புக்குறிமேல் கேள்விக்குறியாக வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரும் செவிலியரும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது. சான்றிதழ்ப் படிப்பின் நியாயம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடலாமா என்ற மறுப்பை எளிதில் தள்ள முடியாது. திட்டத்தை நடத்துபவரின் சம்பளமே அதில்தான் இருக்கிறது. அதனால்தான் மதிப்பீட்டுத் துறை அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தார். சமைக்கும்போதே உப்புப் பார்ப்பது ஒன்று; பரிமாறிய பிறகு விருந்தாளி சொல்லும் தீர்ப்பு இன்னொன்று. தொடரலாமா மூடலாமா என்ற தீர்ப்பை உள்ளிருப்பவரிடம் விடக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உப்புப் பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வருவதற்குள் குழம்பு தீய்ந்துவிடும். நான்கு பாடம் படித்தவர் அரைகுறைதானே என்பது அடுத்த மறுப்பு. அரைகுறைதான். அவரிடம் பீகார் ஆய்வைச் செய்யச் சொன்னால் கெடுத்துவிடுவார். ஆனால் வெளியிலிருந்து வரும் ஆலோசகர் திட்டத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ‘முன்னேற்றம்’ என்று பளபளப்பான அறிக்கை நீட்டும்போது, திட்டம் இல்லாத பக்கத்து ஒன்றியத்தில் அந்த எண் எப்படி நகர்ந்தது என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கே படிப்புக் கட்டணம் தகும்.

மூன்றாவது மறுப்புக்குத்தான் என்னிடம் முழு விடை இல்லை. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா, எழுதினால் யாராவது படிப்பார்களா? கனடிய மதிப்பீட்டுச் சங்கம் 2009 முதல் தகுதிச்சான்று பெற்ற மதிப்பீட்டாளர் என்ற பட்டம் தருகிறது. அமெரிக்காவில் அப்படி உரிமம் எதுவும் கிடையாது. சான்றிதழ் இல்லாதவரும் கடை திறக்கலாம். 2019 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் ஒன்று பெரிய அரசுத் துறைகளில் மதிப்பீட்டு அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொன்னபோது தொழிலுக்கு நல்ல காலம் என்றார்கள். 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் நிறுவனமே இழுத்து மூடப்பட்டது; அதை நம்பியிருந்த மதிப்பீட்டாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். நம் நாட்டிலும் கதை வேறில்லை. சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு 1952இலேயே மத்திய அரசு திட்ட மதிப்பீட்டுக்கென்று தனி அமைப்பு வைத்தது. அவ்வளவு சீக்கிரம் இதை யோசித்த நாடுகள் குறைவு. ஆனால் 2014இல் இயங்கத் தொடங்கிய சுதந்திர மதிப்பீட்டு அலுவலகம் அடுத்த ஆண்டைத் தாண்டவில்லை. 2015இல் பழையதையும் புதியதையும் சேர்த்து நிதி ஆயோக்கின்கீழ் ஓர் அலுவலகமாக்கிவிட்டார்கள். மதிப்பீட்டாளரை வெளியே நிறுத்தினால் கதவை அடைப்பது சுலபம். வகுப்பறையிலும் வார்டிலும் உட்கார்ந்திருப்பவரை அப்படி மூட முடியாது என்பதும் என் கட்சிக்கு ஒரு காரணம். ஆனால் அவர் வாயை மூடிவைக்கலாம், அதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் மருந்தில்லை.

ஆகவே சேர நினைப்பவர் பல்கலைக்கழகத்தின் பெயரையும் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தையும் பார்த்து மயங்குவதற்கு முன், முந்தைய ஆண்டுகளில் மாணவர்கள் கொடுத்த இறுதி அறிக்கைகளை நாலைந்து வாங்கிப் புரட்டலாம். அவற்றில் ‘இந்தத் திட்டம் பலன் தரவில்லை’ என்று, சுற்றிவளைக்காமல், பணம் கொடுத்த நிறுவனத்தின் முகத்துக்கு நேரே எழுதிய ஒன்றாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். எல்லாமே ‘மேலும் வலுப்படுத்தலாம்’ என்று முடிந்திருந்தால், அந்த வாசகத்தை எழுத இரண்டு வருடம் படிக்க வேண்டியதில்லை.