ஒரு நாள் பரதவர்

சங்க நூல்களுள் சுற்றுலாக் கையேடு என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டென்றால் அது ஆற்றுப்படைதான். அவற்றுள்ளும் சிறுபாணாற்றுப்படை, விழுப்புரம் மாவட்டத்தாராகிய நமக்குச் சொந்த ஊர்ப் பாட்டு. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனுக்கு நத்தத்தனார் வழி சொல்கிறார். கடற்கரையில் எயிற்பட்டினம், முல்லையில் வேலூர், மருதத்தில் ஆமூர், இறுதியில் தலைநகர் கிடங்கில். கிடங்கில் என்பது இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கல். எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்திப் பார்க்கும் அறிஞர் பலர். ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் வழி. பாணன் நடந்த அவ்வழியில் இன்று பேருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது.

இப்பாட்டில் விருந்தினன் எங்கும் வேட்டைக்குப் போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எயிற்பட்டினத்தில் நுளையர் மகள் வடித்த கள்ளும் சுட்ட குழல் மீனும் அவனுக்குக் கிடைக்கின்றன. வேலூரில் எயினர் வீட்டுப் புளிச்சோறும் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். அந்தந்த நிலத்தார் தம் உழைப்பில் பெற்றதைத் தருகிறார்கள். வந்தவன் வாங்கி உண்கிறான். நம் காலத்துப் பயணிக்கு இது போதவில்லை. மீனைத் தானே பிடிக்க வேண்டும், பிடித்ததைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறான். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. தட்டில் வரும் வறுத்த வஞ்சிரத்தை மட்டும் அறிந்தவனைவிட, ஒரு வஞ்சிரத்துக்காக ஐந்து மணி நேரம் வெயிலில் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியவன் நெய்தல் திணைக்குச் சற்று நெருக்கமானவன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே இந்தத் தொழில் சில ஆண்டுகளாக வளர்ந்துவருகிறது. விடியுமுன் படகேறி, பகல் முழுதும் தூண்டில் போட்டு, பிற்பகலில் கரை சேர்வது. உலகெங்கும் இதன் விளம்பர வாசகம் ஏறத்தாழ ஒன்றே: முன் அனுபவம் தேவையில்லை, குழந்தைகள் முதல் தேர்ந்தவர் வரை எவரும் வரலாம், கோலும் முள்ளும் இரையும் நாங்கள் தருவோம். எவரும் வரலாம் என்ற இந்தச் சொல்லின் மேல்தான் எனக்குச் சில கேள்விகள்.

நம் கரையில் துறைமுகம் கிடையாது. மாவட்டத்தின் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் கடற்கரையில் உள்ள பத்தொன்பது மீனவ ஊர்களில், படகு மணலில் ஏறி மணலிலிருந்தே இறங்குகிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டுவதே முதல் வித்தை. எந்த அலையை விடுவது, எந்த அலையின் முதுகில் ஏறுவது என்பதைப் படகின் பின்புறம் நிற்பவர் ஒரு நொடியில் முடிவு செய்கிறார். அப்பால் நீவாடு பார்க்க வேண்டும். மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் வேறு பக்கமும் ஓடும் நாளில் ஈயக்குண்டு எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட வேண்டும். மீன் தங்கும் பாரை அடைய, கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் கலங்கரை விளக்கையும் ஒன்றோடொன்று நேர்படுத்திக் கணியம் பார்க்கும் வழக்கம், செயற்கைக்கோள் காட்டும் கருவி வந்த பின்னும் முதியவர்களிடம் அழியவில்லை. கொண்டல் எப்போது எழும், கச்சான் எப்போது தணியும் என்பதும் அவர்கள் கணக்கில் உண்டு. இவ்வளவும் நடந்த பிறகு, முள்ளில் மீன் கடித்த நொடியில், நரம்பைச் சுற்றும் ஒரே வேலைக்காகக் கோல் விருந்தினர் கைக்கு மாறுகிறது. பிடித்தவர் அவர் என்று படம் சொல்லும். படகோட்டியின் பெயர் படத்தின் கீழே இராது.

என் வாதம் இதுதான். அனைத்துத் தரத்தாரும் வரலாம் என்றால், அந்தப் படகில் ஒரே ஓர் ஆசிரியரும் மற்றபடி மாணவர்களும் இருக்கிறார்கள் என்று பொருள். ஆசிரியருக்குரிய இடமும் ஊதியமும் அவருக்கு உண்டா? அல்லது நாட்கூலிக்கு அமர்த்தப்பட்ட ஓட்டுநரா?

அமெரிக்காவில் புளோரிடா போன்ற கரைகளில் இத்தொழில் பழையது. அங்கே விருந்தினர் ஏறும் படகின் தலைவர் உரிமம் பெற்றவர். விருந்தினருக்கான மீன்பிடி அனுமதியும் அவர் உரிமத்தில் அடங்கும். எந்த மீனை எந்த அளவுக்குமேல் வைத்துக்கொள்ளலாம், ஒருவர் எத்தனை கொள்ளலாம் என்பதற்கு விதி உண்டு. தலைவர் சொல்வதே படகில் சட்டம். எழுத்தாளர் ஹெமிங்வே 1934இல் வாங்கிய பிலார் என்னும் படகில் பல ஆண்டுகள் கடல்மீன் வேட்டையாடியவர். பொழுதுபோக்காகப் பெருமீன் பிடித்த அந்தச் செல்வர், 1952இல் வெளியான கதையில் தன்னைப் போன்ற ஒருவரை நாயகனாக்கவில்லை. வயிற்றுக்காகக் கடலுக்குப் போகும் முதிய கியூப மீனவரையே வைத்தார். படகில் யார் ஆசிரியர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் தமிழ்த்துறைகளுக்கு இது தெரியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நெய்தல் என்றால் இரங்கல் என்று மதிப்பெண்ணுக்கு எழுத வைக்கிறோம். குறுந்தொகை 269ஆம் பாடலைச் சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் நடத்தினேன். சுறா தாக்கிய புண் ஆறித் தந்தை மீண்டும் நீல நிறக் கடலுக்குப் போய்விட்டான். உப்பை மாற்றி நெல் கொண்டுவரத் தாய் உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். தலைவன் வருவதானால் இதுவே சமயம் என்னும் கல்லாடனார் பாடல். நீலம் என்பதை வருணனை என்று சொல்லிக் கடந்துவிட இருந்த வேளையில், குப்பத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, கரைத் தண்ணி நீலமா இருக்காது. கலங்கலா, பச்சையாத்தான் இருக்கும். நீலத் தண்ணின்னா ரொம்ப தூரம். அவங்க அப்பா சீக்கிரம் திரும்ப மாட்டார்னு சொல்றாங்க" என்றார். பாட்டின் உள்ளுறை முழுவதும் அந்த ஒரு நிறத்தில் இருக்கிறது. நான் பார்த்த உரை எதிலும் இவ்விளக்கம் இல்லை. அப்பாடலின் தாய் போன உப்பளமும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மரக்காணத்து உப்பளங்கள் பூமீசுவரர் கோயில் கல்வெட்டுகளிலேயே பேசப்படுபவை.

இனிக் கோடைக்கு வருகிறேன். சிக்கல் அங்கேதான் கூர்மையடைகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை 2017இல் 61 நாட்களாக நீண்டது. மீன்கள் இனம் பெருகும் காலம் என்பது காரணம். எல்லா மீனும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை என்று மீனவர் சொல்லும் மறுப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் கடலுக்கு ஓய்வு தரும் எண்ணம் அவர்களுக்குப் புதிதன்று. பட்டினப்பாலையில் பரதவர் முழுமதி நாளில் கடல் வேட்டைக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடிக் களிக்கிறார்கள். இன்றைய தடைக்காலத்தில் களிப்பு இல்லை. குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 2025இல் 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எம்மட்டு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். பள்ளிக் கோடை விடுமுறையும் தடைக்காலமும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. குடும்பங்கள் கடற்கரைக்கு வருவதும், ஒரு நாள் மீன்பிடிப் பயணத்துக்கு ஆள் சேருவதும் அப்போதுதான். வெளிப்புற எந்திரம் பூட்டிய சிறு ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே அவற்றில் விருந்தினரை ஏற்றிச் செல்வதைத் தடைவிதி தடுக்காது. நான்கு பேர் நான்கு கோலோடு போனால் கடல் வற்றிவிடாது என்பதும் உண்மை. ஓர் இழுவலைப் படகு ஒரே இழுப்பில் அள்ளுவதற்கு முன் இது ஒன்றுமில்லை. ஆயினும், விசைப்படகில் கூலிக்குப் போய்வந்த ஒருவர், தன் தொழிலைச் சட்டம் நிறுத்தி வைத்திருக்கும் நாளில், விளையாட்டாக அதே தொழிலைச் செய்ய வருபவரின் பையைத் தூக்கிப் படகில் வைக்கும் காட்சி எனக்கு ஒப்பவில்லை. மீனின் எண்ணிக்கையை வைத்து மட்டும் அதனை அளக்க இயலாது.

பொருளியல் துறை நண்பர் ஒருவர் இதற்கு நேர் எதிரானவர். "வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் இது வேண்டும், உங்கள் மன ஒப்புதலை யாரும் உலையில் போட முடியாது" என்பார். வலுவான வாதம். முழுமையான மறுமொழி என்னிடம் இல்லை. எனினும் ஒன்று கேட்கலாம்: அந்த வருமானம் யாருக்குப் போகிறது? படகும் இணையப் பதிவும் நகரத்து நிறுவனத்திடம் இருந்தால், குப்பத்தாருக்குக் கிடைப்பது நாட்கூலியே. சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலை கூடும், எந்த வலை கூடாது என்று தாமே தீர்மானித்து நடத்திவந்தவை. மார்டன் பாவிங் என்னும் டச்சு ஆய்வாளர் 2001இல் இதனை ஒரு நூலாகவே எழுதினார். விருந்தினரை ஏற்றும் உரிமையும் அப்பஞ்சாயத்துகளிடம் இருந்து, முறை வைத்துப் படகுகளுக்குப் பகிரப்படுமானால், நண்பரின் வாதத்தோடு எனக்குச் சண்டை குறைந்துவிடும். அப்போதும் தடைக்காலத்தில் முள் போடாமல் போகலாம் என்பேன். கோடை கோலா மீனின் பருவம். கொழிஞ்சித் தழைக் கட்டுகளை நீரில் மிதக்கவிட்டு, முட்டையிட வரும் கோலாவைப் பிடிக்கும் முறை இக்கரையின் பழைய அறிவு. பறக்கும் மீன் கூட்டத்தைக் காணவும், கணியம் பார்க்கக் கற்கவும், கழுவேலியின் பறவைகளைப் பார்க்கவும் பணம் தரச் சித்தமாயிருப்போர் இருக்கிறார்கள். கழுவேலி 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஜூன் பாதிக்குப் பிறகு தூண்டிலை எடுத்துக்கொள்ளலாம்.

பிடித்துவிட்டு உயிரோடு விடுகிறோமே என்பவர்கள் உண்டு. மேல்நீரில் ஓடும் பாறைக்கும் சீலாவுக்கும் அது ஓரளவு பொருந்தும். முள்ளை நயமாகக் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். ஆழத்தில் கிடக்கும் கலவாவை வேகமாக மேலே இழுத்தால் அதன் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே வெளித்தள்ளிவிடும். அதனைக் கடலில் விட்டால் மிதந்து சாகும். அந்த மீனை விடுவது கருணையன்று. சமைத்து உண்பதே மரியாதை.

இதற்கு நன்னீரில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1972இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கமும் பிற முகாம்களும் காவிரியின் சில பகுதிகளில் மஹசீர் மீனைத் தூண்டிலில் பிடித்து எடை பார்த்து விடும் முறையை நடத்தின. வெடிவைத்து மீன் பிடித்த உள்ளூரார் சிலரையே காவலராகவும் வழிகாட்டிகளாகவும் வேலைக்கு அமர்த்தினார்கள். பின்னர், காப்பிடங்களுக்குள் தூண்டில் போடுவதும் சட்டப்படி வேட்டையே என்ற நிலை வந்து, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்முகாம்களின் தூண்டில் நின்றது. நின்றதால் காவலும் தளர்ந்தது என்று வருந்துவோர் உண்டு. காவிரியின் திமில் மஹசீர் 2018இல் மிக அருகிவிட்ட இனமாகப் பன்னாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. அணை, மணல், வேற்றின மீன்களை விட்டது எனக் காரணங்கள் பல. ஆயினும் உள்ளூராரின் அறிவுக்குச் சம்பளம் கொடுத்த அந்த ஒரு பகுதியை மட்டும் நம் கடற்கரைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மிதவை உடை, படகின் பதிவு, கரைக்குத் தகவல் சொல்லும் கருவி ஆகியவை பற்றித் தனியே எழுத ஒன்றுமில்லை. அவை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது, அவ்வளவே.

இறுதியாக, பெண்கள். இந்தப் பயணத் திட்டங்களில் அவர்களுக்கு இடமே இல்லை. கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் ஏற்றி, பேருந்தில் இடம் கிடைக்காமல் வாசற்படியில் நின்று, திண்டிவனம் வரை கொண்டு விற்பவர்கள் அவர்களே. விருந்தினர் பிடித்த மீன் நேரே அவர்களது பனிப்பெட்டிக்குப் போய்விட்டால், அப்படகு அன்று கரைக்கு வராத படகுதான். ஆளுக்கு ஒரு மீன் விருந்தினருக்கு; எஞ்சியது ஊர் ஏலத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மீனையும் ஊரில் எவரேனும் ஒரு பெண்மணி குழம்பு வைத்துச் சோற்றோடு தருவாரானால், நத்தத்தனார் சொன்ன வழி இன்னும் அடைபடவில்லை என்று கொள்வேன். அதற்குரிய தொகையும் கட்டணத்தில் சேர வேண்டும். எவ்வளவு என்பதை அப்பெண்களே சொல்லட்டும்.