கோபுரம் இருந்தால் மட்டும் போதுமா?

"வீட்டில் வானொலிப் பெட்டி இருக்கிறதா?" என்று உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிப்பாசன விவசாயிகளைக் கேட்டால், "எதற்கு ஐயா? கைபேசி இருக்கிறதே" என்பார்கள். இது சரிதானா என்று சிந்திக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசியபோது மின்சாரம் போயிற்று. பல இடங்களில் கைபேசித் தொடர்பும் அறுந்தது. மின்சாரம் இல்லாவிட்டால் டிஷ் வைத்த தொலைக்காட்சியும் ஊமைதான். அந்த நேரத்தில் பேசக்கூடியது, இரண்டு பேட்டரி போட்ட வானொலிப் பெட்டி ஒன்றே.

ஆனால் எல்லா வானொலியும் ஒன்றல்ல. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. தூரம் கூடினாலோ, குன்று மறைத்தாலோ தேய்ந்துவிடும். மத்திய அலையோ தரையை ஒட்டி வெகுதூரம் பரவும். கைபேசியில் உள்ள வானொலி பண்பலையை மட்டுமே பிடிக்கும். நாட்டின் பல ஊர்களில் மத்திய அலைக் கோபுரங்கள் மூடப்பட்டு வருகின்றன. நகரத்தாருக்கு இது பழைய இரும்பு. நகரை விட்டுத் தள்ளியிருக்கும் விவசாயிக்கோ உயிர்நாடி. வட தமிழகத்தில் இந்தச் சேவை குறையாமல் காக்கப்பட வேண்டும்.

கோபுரம் மட்டும் இருந்தாலும் பயனில்லை. 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைத் தஞ்சை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். திருச்சி வானொலி அதன் சாகுபடி முறையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. விரிவாக்கப் பணியாளர்கள் வயலில் செய்து காட்டினார்கள். காதால் கேட்டதைக் கண்ணாலும் கண்டதால்தான் ரகம் பரவியது.

நமக்கும் அதுவே தேவை. பொதுவாக "மழை பெய்யக்கூடும்" என்றால் போதாது. எந்த வட்டாரத்தில், எப்போது என்று மாலையிலேயே சொன்னால், மறுநாள் மேலுரமாக இடவிருந்த யூரியாவை விவசாயி நிறுத்தி வைப்பார். இல்லையேல் அந்தப் பணம் வடிகாலில்தான் போகும். ஏரியின் நீர் இருப்புக்கு ஏற்ப நவரையில் என்ன பயிரிடலாம் என்பதையும் நாற்று விடுமுன் சொல்ல வேண்டும். விதைத்த பின் சொல்லி என்ன பயன்?

விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அலை பிடிக்கும் சிறிய பெட்டி ஒன்றை வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள். ஒலி தெளிவாக இல்லையென்றால், ஊர் பெயரையும் நேரத்தையும் குறித்து நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். கேட்பவர் இல்லை என்று கணக்கு எழுதப்பட்டால், கோபுரம் நிலைக்காது.