நொய்யல் பிழைக்குமா?

பனியனுக்குப் பேர்போன ஊர் திருப்பூர். அதன் நடுவே ஓடுகிறது நொய்யல் ஆறு. வெள்ளியங்கிரி மலையில் தெளிந்த நீராகப் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது. ஒரு காலத்தில் குளங்களை நிரப்பிய ஆறு, பின்னர் சாயக் கழிவு ஓடும் சாக்கடையாயிற்று!

உப்பு செய்த கேடு

துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கிவிடும். உப்போ தண்ணீரோடு வெளியேறிவிடும். அந்தத் தண்ணீர் பாய்ந்த களிமண் இறுகிப்போகும். மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. கிணற்று நீர் கரிக்கும்.

சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டினார்கள். பாசனத்துக்கென்று எழுந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவின் தேக்கமாயிற்று. "அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்" என்று விவசாயிகளே கேட்கும் காலம் வந்தது. இதைவிட வேதனை உண்டா?

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006-ல் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அது முழுமையாக நிறைவேறவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணை பிறந்தது. கூலியை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பாடு திண்டாட்டமாயிற்று. கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்கும் ஏற்பாடு வந்த பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

ஜனங்களின் பங்கு

சட்டம் விஷத்தைத் தடுக்கும். மண்ணில் தங்கிய உப்பை எந்த உத்தரவும் எடுத்துவிடாது. அதைக் கரைத்து இறக்க மழைநீர் வேண்டும். திருப்பூரோ மழை மறைவுப் பிரதேசம்! பெய்யும் கொஞ்ச மழையையும் வரப்பிலும் பண்ணைக் குட்டையிலும் குளத்திலும் நிறுத்தினால்தான் வழி உண்டு.

இதை ஊரார் உணர்ந்திருக்கிறார்கள். 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் லட்சக்கணக்கான மரக்கன்றுகளை நட்டது. ஊத்துக்குளி சாலைப் பக்கம் உள்ள நஞ்சராயன் குளம், சுமார் 311 ஏக்கர் பரப்பு. பறவைகள் சரணாலயமாகிய அது, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. நகரத்தின் அருகே இப்படி ஒரு பெருமை!

ஆனால் எச்சரிக்கை வேண்டும். குளத்து வண்டலை வயலில் கொட்டுவது நம் பழைய வழக்கம். சாயநீர் தேங்கிய குளமானால், வண்டலைப் பரிசோதித்த பிறகே அள்ள வேண்டும். சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்புக் கழிவு மழையில் நனைந்து மீண்டும் மண்ணில் இறங்காமல் காக்க வேண்டும். வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால், தூர் வாரிய குளமும் வெறும் பள்ளமே!

கன்று நட்ட நாளில் கூட்டம் கூடுகிறது. மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? வாய்க்காலை ஆண்டுதோறும் சுத்தம் செய்வது யார்? பனியன் முதலாளியும், தொழிலாளியும், தோட்டக்காரரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. அவர்கள் பதில் சொன்னால், நொய்யல் பிழைக்கும்.